அரிசியும் ஞானஸ்நானமும்

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் என்னென்ன பார்ப்பார்கள் என்று எங்களுக்கு மனப்பாடம். பூநாரை, டச்சுக்காரர் கல்லறை, கலங்கரை விளக்கம். திரும்பும்போது ரெண்டு கிலோ இறால். யாரும் நின்று பார்க்காத ஒன்று உண்டு. அதுதான் பக்கிங்காம் கால்வாய். எண்ணூர்ப் பக்கமிருந்து வந்து ஏரியில் சேர்ந்து, ஏரிக்கு வடக்கே மறுபடி கால்வாயாகி ஆந்திராவுக்குள் போய்க்கொண்டே இருக்கும். எங்க ஊர்ப் பெரியவர்களுக்கு அது 'கெனால்'. ஸ்ரீஹரிக்கோட்டா விறகு, சுண்ணாம்புக் காளவாய்க்கு வேண்டிய கிளிஞ்சல் எல்லாம் ஒரு காலத்தில் இதில்தான் படகேறி மெட்ராஸ் போனது.

இதே கால்வாயில், இங்கிருந்து வடக்கே, மூன்று மைலுக்கு மேல் ஒரு துண்டை ஒரு பாதிரியார் கான்ட்ராக்ட் எடுத்து வெட்டினார் என்று சொன்னால் நம்புவீங்களா? நானும் முதலில் நம்பவில்லை. படித்துப் பார்த்தால் நிஜம். அதைவிடப் பெரிய ஆச்சரியம், அந்த வேலை நடந்த காலத்தில் அவர் செய்த ஒரு காரியம். இல்லை, செய்யாமல் விட்ட ஒரு காரியம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பாப்டிஸ்ட் இல்லை. எங்க சபையில் குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். எனக்கும் மூன்று மாதத்தில் கொடுத்தாகிவிட்டது, அழுதேனாம் :-) பொன்னேரியில் குடியிருக்கிறேன், அம்மா பிறந்தது ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில். அம்மா வீட்டுப் பக்கம் பாதிப்பேர் இன்றைக்கும் கங்கையம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆகவே மதம் மாறுவது, மாறாமல் இருப்பது எல்லாம் எங்களுக்குப் புத்தக விஷயம் இல்லை, வீட்டு விஷயம்.

சரி, கதைக்கு வருவோம்.

பாப்டிஸ்டுகள் யார்? ரொம்பச் சுருக்கமாகச் சொன்னால், ஞானஸ்நானம் என்பது விசுவாசிக்கிற ஆள் தானே கேட்டு வாங்க வேண்டியது, பிறப்பால் வருவது இல்லை என்று சொன்னவர்கள். இங்கிலாந்தில் அரசாங்க சபைக்கு அடங்காமல் ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடிப்போன ஒரு சின்னக் கூட்டம். 1609-இல் ஜான் ஸ்மித் என்பவர் தலைமையில் அங்கே இப்படி ஒரு சபையை ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே, 1610-இல், அதே நாட்டு டச்சு வியாபாரிகள் பழவேற்காட்டில் வந்து கடை போட்டார்கள். 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டை எழும்பிவிட்டது. ஒரே நகரத்துத் துறைமுகம். ஒரு பக்கம் மிளகுக்கும் துணிக்கும் கப்பல் புறப்படுகிறது, இன்னொரு பக்கம் நாலு பேர் உட்கார்ந்து மனசாட்சி யாருக்குச் சொந்தம் என்று விவாதம் செய்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் தாமஸ் ஹெல்விஸ் என்று ஒருவர். 'ஓடிவந்தது போதும், ஊருக்கே போவோம்' என்று 1612-இல் லண்டனுக்குத் திரும்பி, அங்கே ஒரு சபையைத் தொடங்கினார். ராஜாவுக்கு ஜனங்களின் உடம்பின்மேலும் உடைமையின்மேலும் அதிகாரம் உண்டு, ஆத்துமாவின்மேல் கிடையாது என்ற கருத்தில் ஒரு புத்தகம் போட்டார். அது தன் ஆட்களுக்கு மட்டும் கேட்ட சுதந்திரம் இல்லை. யூதருக்கும் முஸ்லிமுக்கும் தப்புக் கொள்கைக்காரன் என்று பெயர் எடுத்தவனுக்கும் சேர்த்தே கேட்டார். அந்தக் காலத்தில் இப்படிப் பேசினால் என்ன ஆகும்? சிறைக்குப் போனார், 1616 வாக்கில் அங்கேயே செத்துப்போனார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பயமுறுத்தி ஒருவனைக் கிறிஸ்தவனாக வைத்திருக்க முடியாது என்பதுதான் இந்த ஜனங்களின் அஸ்திவாரம். அதன் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. ஆசை காட்டியும் ஒருவனைக் கிறிஸ்தவனாக்க முடியாது. முதலாவதைச் சோதிக்க ராஜா இருந்தார். இரண்டாவதைச் சோதிக்க ஒரு பஞ்சம் வரவேண்டியிருந்தது. அது நம்ம கரையில்தான் வந்தது.

ஏரியின் வடகரையில் இருக்கும் சூளூர்ப்பேட்டையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் வடக்கே நெல்லூர். அங்கே 1840-இல் சாமுவேல் டே என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி வந்து தங்கினார். உழைத்தார், உழைத்தார், ஆள் சேரவில்லை. அமெரிக்காவில் இருந்த சங்கத்துக்கு அலுத்துப்போய்விட்டது. 'இவ்வளவு செலவு செய்து இவ்வளவுதானா? மூடிடலாம்' என்று ஒரு முறை இல்லை, மறுபடி மறுபடி பேச்சு எழுந்தது. 1853-இல் ஆல்பனி நகரத்தில் கூடிய கூட்டத்தில், வரைபடத்தில் தனியாகத் தெரிந்த நெல்லூரைக் காட்டி ஒருவர் 'ஒற்றை நட்சத்திரம்' என்று சொன்னாராம். அன்று ராத்திரியே சாமுவேல் ஸ்மித் என்ற பாட்டுக்காரர் அந்த நட்சத்திரத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அமெரிக்கர்களின் தேசபக்திப் பாட்டு ஒன்றை எழுதியவரும் இவர்தான். மறுநாள் அதைக் கூட்டத்தில் படிக்க, மிஷன் பிழைத்தது. அதற்குப் பிறகும் 1862-இல் மூடும் பேச்சு வந்தது. லைமன் ஜூவெட் என்பவர், நீங்கள் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் நான் தெலுங்கு ஜனங்களோடுதான் வாழ்ந்து சாவேன் என்று நின்றுவிட்டார்.

சரி, போகட்டும் என்று அவரோடு ஓர் இளைஞனையும் அனுப்பினார்கள். அவர்தான் நம்ம கதாநாயகர், ஜான் கிளஃப். 1836-இல் பிறந்தவர். வாலிப வயதில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நிலம் அளக்கும் சர்வேயர் வேலை பார்த்தவர். 1865-இல் நெல்லூர் வந்தார், அடுத்த வருஷம் ஓங்கோலுக்குக் குடிபோனார். 1867 ஜனவரி 1-ஆம் தேதி ஓங்கோலில் சபை ஆரம்பித்தபோது மொத்தம் 8 பேர்.

இங்கே யெர்ரகுண்ட்லா பெரியா என்ற மனிதரைச் சொல்லாமல் போகக்கூடாது. மாதிகா சாதியில் பிறந்தவர், தோல் வியாபாரி. வியாபாரத்துக்கு வடக்கே ஏலூர்ப் பக்கம் போனபோது சுவிசேஷத்தைக் கேட்டு, ஊருக்கு வந்து, தானே பேச ஆரம்பித்துவிட்டார். மிஷனரி அவரைத் தேடிப் போகவில்லை, அவர்தான் மிஷனரியைத் தேடி வந்தார். அவர் பின்னால் அவருடைய ஜனங்கள் வந்தார்கள்.

உடனே பிரச்சினை. கிளஃப் நடத்திய பள்ளிக்கூடத்தில் மேல்சாதிப் பிள்ளைகள் படித்தார்கள். மாதிகாக்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள். கிளஃப் ஒரு அறையில், அவர் மனைவி இன்னொரு அறையில், தனித்தனியே வேதத்தைத் திறந்தபோது இருவருக்கும் ஒரே இடம் வந்தது என்று கிளஃப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதலாம் கொரிந்தியர் முதல் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. உலகம் அற்பமாக நினைப்பவர்களைத் தேவன் தெரிந்துகொண்டதைப் பற்றிச் சொல்லும் வசனங்கள். முடிவு எடுத்தாகிவிட்டது. மேல்சாதிப் பிள்ளைகள் போய்விட்டார்கள்.

சேர்ந்தவர்களுக்கும் சும்மா இல்லை. செத்த மாட்டின் இறைச்சி சாப்பிடக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது, விக்கிரகத்தை வணங்கக்கூடாது என்று மூன்று கட்டளை. கேட்க லேசாக இருக்கும். கிராமத்தில் ஒரு மாதிகா குடும்பத்துக்குப் பிழைப்பே ஊருக்குச் செய்யும் வேலையில்தான். திருவிழாவுக்குப் பறை அடிக்கமாட்டேன், ஞாயிறு ஏர்ப் பூட்டமாட்டேன் என்றால் களத்துமேட்டில் கிடைக்கும் தானியம் நின்றுபோகும். ஆக, அந்த ஆரம்ப நாட்களில் கிறிஸ்தவனாவது வயிற்றுக்கு லாபம் இல்லை, நஷ்டம்.

அப்புறம்தான் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை. நம்ம தாத்தாக்களின் தாத்தாக்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொன்னது இதுதான். தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேல் செத்திருப்பார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்தது. அதில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி செலவைக் குறைக்கிறேன் என்று, நாள் முழுக்க மண் வெட்டும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று வைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை.

நிவாரண வேலைகளில் பெரியது பக்கிங்காம் கால்வாய். அப்போதைய மெட்ராஸ் கவர்னர் பக்கிங்காம் பிரபு, அவர் பெயர்தான் கால்வாய்க்கு. கிளஃப் தன் ஜனங்களை அந்த வேலைக்கு அனுப்பப் பார்த்தார். போகப் பயந்தார்கள். மேஸ்திரிகள் அடிப்பார்கள், கூலியில் அமுக்கிக்கொள்வார்கள். அப்போதுதான் பழைய சர்வேயர் புத்தி வேலை செய்தது. 'எனக்கு ஒரு துண்டு கொடுங்கள், நானே வெட்டி முடிக்கிறேன்' என்று அரசாங்கத்திடம் கேட்டு வாங்கினார். கொட்டகை போட்டார், கிணறு வெட்டினார், தன் பிரசங்கிகளை மேஸ்திரியாக நிறுத்தினார். கூலி ஒழுங்காகக் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான பேர் வந்தார்கள். மத்தியானம் மண்வெட்டியும் கூடையும் இறக்கி வைத்து ஓய்வெடுக்கும் நேரத்தில் மேஸ்திரியைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள். மேஸ்திரிதான் பிரசங்கி ஆச்சே, என்ன கதை சொல்லியிருப்பார் என்று தெரியும்.

இப்போது ஊழியக் கண்ணோட்டத்தில் யோசித்துப் பாருங்கள். இதைவிட 'அறுவடை' நேரம் வேறு உண்டா? பசித்த ஜனம், நல்ல பாதிரியார், நேர்மையான கூலி, நாள்தோறும் பிரசங்கம். அவர்களே வந்து ஞானஸ்நானம் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். ஆற்றில் இறக்கி எடுத்தால் அமெரிக்காவுக்கு அனுப்பும் ரிப்போர்ட்டில் எண் எகிறும். இருபது வருஷத்துக்கு முன்னால் மூடிவிடலாம் என்று பார்த்த மிஷன் அது.

கிளஃப் மாட்டேன் என்றார். 1877 மார்ச்சிலிருந்து 1878 ஜூன் வரை, 15 மாதம், ஒரு ஆளுக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கையில் நிவாரணப் பணம் இருக்கிற வரைக்கும் கொடுக்கமாட்டேன் என்பது அவர் முடிவு. அரிசிக்காக வந்தானா, ஆண்டவருக்காக வந்தானா என்று எனக்குத் தெரியாது, வந்தவனுக்கே தெரியாமல் இருக்கலாம், ஆகவே காத்திருப்போம் என்பதுதான் அதன் அர்த்தம்.

1878-இல் நிவாரணம் முடிந்தது. இனி தர ஒன்றுமில்லை, ஊருக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார். கூட்டம் குறையவில்லை. வெல்லம்பள்ளி என்ற இடத்தில், குண்டலகம்மா ஆற்றங்கரையில், ஜனங்கள் கூடிவிட்டார்கள். எங்களுக்குக் காசு வேண்டாம், கையில் இருக்கிற காய்ப்பைப் பாருங்கள், வேலை செய்து பிழைப்போம், அடுத்த விளைச்சல் பொய்த்தால் செத்துப்போவோம், ஆனால் கிறிஸ்தவர்களாகச் சாவோம் என்று சொன்னதாகக் கிளஃப் எழுதிவைத்தார். அதற்குமேல் மறுக்க அவரிடம் காரணம் இல்லை.

ஒவ்வொருவரையும் அந்தந்தக் கிராமத்துப் பிரசங்கி விசாரித்துச் சொன்ன பிறகு, ஜூலை 2-ஆம் தேதி 614 பேர், 3-ஆம் தேதி 2222 பேர், 4-ஆம் தேதி 702 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த வருஷ முடிவுக்குள் 9606 பேர். 2222 என்ற எண்ணைத்தான் உலகமெல்லாம் மிஷன் புத்தகங்களில் போட்டார்கள். ஆனால் அந்த நாளில் எனக்குப் பிடித்தது எண் இல்லை. அன்றைக்குக் கிளஃப் தண்ணீரில் இறங்கவே இல்லை. இந்தியப் பிரசங்கிகள் ஆறு பேர், ரெண்டு ரெண்டு பேராக மாறி மாறி நின்று, காலையிலிருந்து சாயங்காலம் வரை கொடுத்து முடித்தார்கள். வெள்ளைக்காரர் கரையில் நின்றார்.

இதையெல்லாம் கிளஃப் சொல்ல, அவருடைய இரண்டாவது மனைவி எம்மா ரௌஷன்புஷ் எழுதிய புத்தகம் 1914-இல், அவர் இறந்து நான்கு வருஷம் கழித்து வெளிவந்தது.

வெளிநாட்டிலும் ஆந்திராவிலும் மட்டும் நடந்த பழங்கதை என்று வைத்துவிடலாமா? எங்களால் முடியவில்லை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் நினைவிருக்கும். மெட்ராஸ் முங்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஏரிக்கரைக் குப்பங்களில் வாரக்கணக்கில் தொழில் இல்லை. வலை போச்சு, எஞ்சின் போச்சு என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. ஏரியில் மடவையும் இறாலும் வைத்து அன்றாடம் காய்ச்சுகிறவர்கள், தடவி இறால் பிடிக்கிற பெண்கள், எல்லாரும் முடங்கிக் கிடந்தார்கள். அதே மாசம் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்ததில் இந்தக் கடற்கரை மீன் என்றாலே வாங்குகிறவன் முகம் சுளித்தான்.

எங்க சின்ன சபைக்கு நகரத்திலிருந்து ஒரு ஊழியக் குழு உதவி செய்ய முன்வந்தது. அரிசி மூட்டை, பருப்பு, போர்வை. நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு திட்டத்தோடு வந்தார்கள். முதலில் கூட்டம், பாட்டு, செய்தி, பிறகு 'தீர்மானம்' எடுப்பவர்களின் பெயரை நோட்டில் எழுதுவது, கடைசியில் அரிசி. போட்டோவும் உண்டு.

குப்பத்தில் என் தாய்மாமா ஒருவர் இருக்கிறார். அறுபத்தஞ்சு வயசுக்கு மேல், கங்கையம்மன் பக்தர், பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசுகிற ஆள். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, நான் ஒண்ணு கேட்டா கோச்சுக்கக் கூடாது."

"கேளுங்க மாமா."

"அரிசி முதல்ல குடுப்பாங்களா, ஜெபம் முதல்லயா?"

"ஜெபம் முதல்லன்னு சொல்றாங்க மாமா."

"அப்ப ஜெபத்துக்கு நடுவுல ஒருத்தன் எந்திரிச்சுப் போனா, அவன் மூட்டை என்னாவும்?"

எனக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்லத்தான் வாய் வரவில்லை. மாமா ரொம்ப மரியாதையாக, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். தாமஸ் ஹெல்விஸ் ஒரு ராஜாவிடம் கேட்ட கேள்வியும் இதுவும் வேறு வேறு இல்லை என்று எனக்குத் தோன்றியது. எழுந்து போக முடியாத இடத்தில் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் விசுவாசமா?

அன்று ராத்திரி சபை மூப்பர்கள் கூடினார்கள். நான் கிளஃப் கதையைச் சொன்னேன். உடனே எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு மூப்பர் நேராகவே கேட்டார். "தம்பி, இயேசு அப்பம் குடுத்தப்போ பிரசங்கமும் பண்ணார் இல்ல? ரெண்டையும் ஏன் பிரிக்கணும்?" நல்ல கேள்வி. இன்னொருவர் சொன்னார். "மத்தவங்க கட்சிக் கொடியோட குடுக்கறாங்க, நாம மட்டும் பேர் சொல்லாம குடுக்கணுமா?" அதுவும் நியாயம்தான்.

கடைசியில் எங்க ஐயர் ஒரு வழி சொன்னார். (எங்க பக்கம் பாஸ்டரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) யார் கொடுத்தது என்று மறைக்க வேண்டாம். கேட்டால் சபை என்று சொல்வோம். ஆனால் மூட்டைகளை ஊர்ப் பஞ்சாயத்துக் கொட்டகையில் இறக்குவோம். தலைக்கட்டுக் கணக்குப்படி பஞ்சாயத்தே பிரிக்கட்டும். கூட்டம், நோட்டு, போட்டோ மூன்றும் வேண்டாம். வருகிற கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு யாரையும் தனியாக அழைக்கவும் வேண்டாம், கதவு திறந்துதான் இருக்கும்.

அப்படியே நடந்தது. தலைக்கட்டுக்கு இத்தனை கிலோ என்று பஞ்சாயத்தார் அளந்தது நாங்கள் அளந்திருந்தால் வந்திருக்கும் சண்டையையும் மிச்சப்படுத்தியது. பாட்டுக்கட்டு எப்படி முறை வைத்து விடுகிறார்களோ அதே ஒழுங்கு. (தெரியாதவர்களுக்கு: ஏரியில் வலை போடும் இடங்களைப் 'பாடு' என்பார்கள். இன்றைக்கு இந்த இடம் யாருக்கு என்று முறை வைத்துக் கொடுப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம்.)

விலையும் கொடுத்தோம். நகரத்துக் குழு வருத்தப்பட்டுக்கொண்டது. அவர்களும் தங்களுக்குப் பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், போட்டோ இல்லாமல் எதைக் காட்டுவது? அடுத்த வருஷ மழைக்கு அவர்கள் வரவில்லை. நாங்கள் நாற்பது குடும்பம் சேர்ந்து திரட்டியதில் கொடுத்தது, அவர்கள் கொடுத்திருந்ததில் நாலில் ஒரு பங்குகூட வராது. ஆக, எங்க கொள்கைக்கு ஒரு பங்கு விலையைக் குப்பத்துப் பிள்ளைகளின் வயிறும் கொடுத்திருக்கிறது. இதை மறைத்துவிட்டு, கொள்கையைக் காப்பாற்றினோம் என்று மார்தட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்கு நடுவே இன்னொன்று. அந்த டிசம்பரிலேயே குப்பத்துப் பையன்கள் ரெண்டு பேர் ஐயரிடம் தனித்தனியாக வந்து ஞானஸ்நானம் கேட்டார்கள். அரிசி வந்த அதே வாரம். ஐயர் ரெண்டு பேரிடமும் ஒரே பதில்தான் சொன்னார். "இப்ப வேணாம்ப்பா. தொழில் திரும்ப ஆரம்பிக்கட்டும், வலை நனையட்டும். வீட்ல அம்மா அப்பாகிட்ட பேசு. பஞ்சாயத்துல என்ன சொல்வாங்கன்னு யோசி. அப்பறம் வா."

பஞ்சாயத்தை ஏன் இழுத்தார் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தலைக்கட்டு வரியில் கோயில் திருவிழாவும் அடங்கும். வரி கட்டமாட்டேன் என்றால் ஊர் ஆள் இல்லை என்று ஆகும், ஊர் ஆள் இல்லை என்றால் பாட்டில் முறை கேட்க முடியுமா என்ற கேள்வி வரும். எல்லா இடத்திலும் அப்படி ஆவதில்லை, பேசித் தீர்த்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. ஆனால் கேட்கிற பையனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பறை அடிக்கமாட்டேன் என்ற ஓங்கோல் மாதிகாவுக்குக் களத்துமேட்டில் என்ன நின்றுபோனதோ, அதேதான் இங்கே ஏரியில்.

ரெண்டு பேரில் ஒருவன் அடுத்த ஆகஸ்டில் வந்தான். வீட்டில் பேசி, மாமா வரைக்கும் பேசி, எல்லாம் சரி என்று இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும் என்ற நிலையில் வந்தான். ஞானஸ்நானம் ஆயிற்று. மாமா வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இன்னொருவன் வரவே இல்லை. ரோட்டில் பார்த்தால் சிரிப்பான், நல்லா இருக்கியாண்ணே என்பான், போய்விடுவான்.

அந்த மூப்பர் இன்றைக்கும் கேட்கிறார். "அன்னிக்கே குடுத்திருந்தா அவனும் இருந்திருப்பான் இல்ல?" இருந்திருக்கலாம். காத்திருக்கச் சொன்னதால் ஓர் ஆத்துமாவை இழந்தோமா, இல்லை, போக நினைத்தவனுக்குப் போக வழி விட்டோமா? நான் ரெண்டாவதைத்தான் நம்புகிறேன். ஆனால் மூப்பரின் கேள்வியில் கிண்டல் இல்லை, அந்தப் பையன்மேல் அவருக்கு இருக்கிற பாசம்தான் இருக்கிறது. அதனால் வாதாடவும் மனசில்லை.

கிளஃப் செய்ததும் முழுச் சுத்தம் என்று நான் சொல்லமாட்டேன். பஞ்சத்தில் உயிரைக் காப்பாற்றியவர் சொல்கிற கடவுள்மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை வராதா? வரும். கால்வாய்க் கூலியையும் ஆற்று ஞானஸ்நானத்தையும் கத்தி வைத்து வெட்டினாற்போல் பிரிக்க யாராலும் முடியாது. அன்பு செய்தவன் பேச்சைக் கேட்கத் தோன்றுவது தப்பும் இல்லை. அவர் செய்தது ஒன்றுதான். கொடுக்கிற கையையும் ஞானஸ்நானம் தருகிற கையையும் ஒரே நேரத்தில் நீட்டவில்லை. நடுவில் 15 மாதம் இடைவெளி விட்டார். நிவாரணம் நின்ற பிறகு யார் வேண்டுமானாலும் வராமலே இருந்திருக்கலாம், அவர்களை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்த இடைவெளிதான் அவர்களுக்கு அவர் கொடுத்த மரியாதை.

ஊழியம் செய்கிறவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். எண்ணைத் தேடிப் போனவர்கள் ஒற்றை நட்சத்திரத்தை மூடப் பார்த்தார்கள். எண் வரும்போது வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அது வந்தது. அப்படிச் செய்தால் கடைசியில் 2222 வரும் என்று இதை ஒரு உத்தியாக எடுத்துக்கொண்டால், மறுபடி முதல் தப்புக்கே போய்விடுவோம். எங்களுக்கு வந்தது ஒன்று. வராமல் போனது ஒன்று. அவ்வளவுதான்.

ஒரு தகவல் சொல்லி முடிக்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில், பெத்தகஞ்சாமிலிருந்து சென்னை வரை பல இடங்களில் கரையேறிய தண்ணீரை இந்தக் கால்வாய் வாங்கிக்கொண்டு, உள்ளே இருந்த ஊர்களுக்குப் போகும் வேகத்தைக் குறைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு பவுண்டு தானியத்துக்கு மண் சுமந்தவர்களும் சேர்ந்து வெட்டிய பள்ளம் அது. அதில் பிழைத்தவர்கள் எந்த மதம் என்று கால்வாய் கேட்கவில்லை. எங்க சபை நோட்டிலும் இப்போது ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம்: மழைக்கால உதவி பஞ்சாயத்துக் கொட்டகையில்தான் இறங்கும், உதவி கொடுக்கிற மாசத்தில் புதிதாக யாருக்கும் ஞானஸ்நானம் இல்லை. மாமாவிடம் படித்துக் காட்டினேன்.

"இது நல்லாருக்கு மாப்ளே," என்றார். "அரிசி மட்டும் கொஞ்சம் சேத்துப் போடச் சொல்லு."